நெஞ்சில் ஒரு கடன்



பிறிதோர் உயிரின் உடற்கூற்றைக் கொண்டு நம் உயிர் நிலைபெறுமாயின், கொல்லாமையை நோன்பாக ஏற்றவர் அவ்வாழ்வை எங்ஙனம் ஏற்பது? சில ஆண்டுகளுக்கு முன் எவரேனும் இவ்வினாவை எம்மிடம் எழுப்பியிருப்பின், வகுப்பறையில் விடை சொல்லும் விரைவோடு, "ஏற்றலாகாது" என்று கூறியிருப்போம். விடை எளிதாக இருந்தது. ஏனெனில் வினா பிறருடையதாக இருந்தது. இன்று அவ்வினா எம் மார்புக்கூட்டினுள் அமர்ந்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை திறந்து மூடிக்கொண்டிருக்கின்றது. ஆகவே, விரைந்து விடை கூறும் உரிமையை இழந்தவராய், நின்று எண்ணியவற்றை நம் குடும்பத்தார் முன் வைக்கின்றோம்.

ஓர் இரவில் நேர்ந்தது

2022-ஆம் ஆண்டு கார்த்திகைத் திங்களில் ஓரிரவு. எமக்கு அப்போது அகவை 71. முன்னாள் மாலை வரை நலமாகவே இருந்தோம்; அண்டை வீட்டுச் சிறுமிக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தோம். நள்ளிரவு கடந்த வேளையில் மூச்சு முட்டி எழுந்தோம். படுத்தால் நீரில் அமிழ்வது போலவும், எழுந்து அமர்ந்தால் சற்றே கரை தட்டுவது போலவும் இருந்தது. வந்தவாசியில் முதலுதவி பெற்று, ஆம்புலன்ஸில் சென்னை சேர்ந்தது வரை கனவு போல் நினைவிருக்கின்றது. அதன்பின் நினைவில்லை.

நிகழ்ந்ததைப் பின்னர் மருத்துவர் விளக்கினார். இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. இடப்புறத்து மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ளது ஈரிதழ் வால்வு. குடைத்துணியைக் கம்பிகள் பற்றி நிற்பது போல, அதன் இதழ்களை மெல்லிய நாண்கள் கீழிருந்து பற்றி நிற்கின்றன. முதுமையில் தளர்ந்திருந்த நாண்கள் சில எமக்கு அவ்விரவில் அறுந்துவிட்டன. குருதி முன்னோக்கிச் செல்லாது பின்னோக்கி வழிந்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. மருந்தால் மட்டும் தீர்வதன்று. பொழுது புலரும் முன் அறுவை செய்தாக வேண்டிய நிலை. பழுதுற்ற வால்வைச் சீர்செய்ய முயன்றும் இயலாமையால், அதனை அகற்றி வேறு வால்வைப் பொருத்தினர்.

கண்விழித்தபோது தொண்டையில் குழாய்; கைகள் கட்டப்பட்டிருந்தன. பகலா இரவா என்று தெரியவில்லை. எதிர்ச்சுவரில் எம் பழைய மாணாக்கியர் வரிசையாக நிற்பதாகக் கண்டு, வருகைப் பதிவேட்டைக் கேட்டோமாம். முதியோர்க்குப் பெரிய அறுவைக்குப்பின் இத்தகைய தடுமாற்றம் சில நாள் நேர்வதுண்டு என்றும், பெரும்பாலும் தெளிந்துவிடும் என்றும் செவிலியர் கூறினர். தெளிந்தது. ஆயினும், எதனையும் ஒழுங்கில் வைத்தே பழகிய எமக்கு, அறிவே எம்மைக் கைவிட்ட அந்நாள்கள் தந்த அச்சம் மார்பின் வலியினும் பெரிது.

இருபதாம் நாள்

வீடு திரும்பியபின் நடந்ததே இக்கட்டுரைக்குக் காரணம். ஆசிரியர்க்கு எழுத்துள்ள தாள் எதனையும் படிக்காது விடும் பழக்கம் இல்லை. அறுவை முடிந்த இருபதாம் நாள், மருத்துவமனை தந்த உறையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தோம். பொருத்தப்பட்ட வால்வு மாட்டின் இதயத்தைச் சூழ்ந்துள்ள உறையால் செய்யப்பட்டது என்று அதில் அச்சிட்டிருந்தது.

தாளை மடித்து வைத்தோம். அன்று உண்ணவில்லை. எழுபதாண்டுகள் புலால் தீண்டாதவர். கேக்கில் முட்டை உண்டா என்று வினவாமல் உண்ணாதவர். கதிரவன் மறைந்தபின் உணவருந்தாதவர். அத்தகையவர் நெஞ்சின் நடுவே ஒரு மாட்டின் உறுப்பு! ஒப்பமிட்டவன் எம் மகன். இருபது நாள்கள் மறைத்தவனும் அவனே. ஒன்பது நாள்கள் அவனுடன் பேசவில்லை. நாள்தோறும் மாலை அறை வாயிலில் நின்று, "அம்மா, மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பான். யாம் சுவரைப் பார்த்துத் தலையசைப்போம்.

அந்நாள்களில் யாம் அழுத அழுகைக்கு அளவில்லை. காரணம் இருந்தும் அழுதோம், இல்லாமலும் அழுதோம். மருமகள் காலுறை அணிவிக்கக் குனிந்தால் அழுகை. வாசலில் காய்கறி விற்பவர் நலம் விசாரித்தால் அழுகை. இதய அறுவைக்குப்பின் மனச்சோர்வு பலர்க்கும் வருவதே. அது மனவலிமை இன்மையன்று, மறைக்காது மருத்துவரிடம் கூறத்தக்கதே என்று பின்னரே அறிந்தோம். நம் ஆகமங்கள் ஆர்த்த தியானம் நான்கினுள் ஒன்றாக நோயின் வேதனையையே சுற்றிச் சுற்றி நினைத்தலைக் கூறுகின்றன. பல்லாண்டுகள் அதனைப் பிறர்க்கு எடுத்துரைத்துள்ளோம். அது எவ்வளவு ஆழமான கிணறு என்பதை விழுந்தபின்னரே அறிந்தோம்.

வழியைக் கேட்டல்

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எமக்குக் கற்பித்த முதுமகளார் ஒருவர் அடிக்கடி ஒன்று சொல்வார்: விடையைச் சிவப்பு மையால் அடிக்கும் முன், அவ்விடைக்குக் குழந்தை வந்த வழியைக் கேள். 38 ஆண்டுகள் பிறர் குழந்தைகளிடம் இதனைப் பின்பற்றினோம். பத்தாம் நாளன்று, எம் குழந்தையிடம் இதனைச் செய்யவில்லையே என்னும் எண்ணம் வந்தது. மகனை அழைத்து அமரச் செய்து, "எப்படி முடிவு செய்தாய், சொல்" என்றோம்.

அவன் சொன்னான். அதிகாலை மூன்றரை மணி. வால்வுகள் இருவகை என்று மருத்துவர் கூறினாராம். ஒன்று உலோகமும் கரியும் போன்றவற்றாலான இயந்திர வால்வு, நெடுங்காலம் உழைக்கும், ஆனால் அதில் குருதி உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டும். எழுபது கடந்தோர்க்கு அம்மருந்தால் குருதிக்கசிவு நேரும் ஆபத்து மிகுதி. மற்றொன்று விலங்கின் திசுவாலானது. பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகள் உழைக்கும். அம்மருந்து சில மாதங்களுக்குப் போதும். அம்மாவின் வயதிற்கு இரண்டாவதே தக்கது என்றாராம். "எங்கள் அம்மா ஒப்பமாட்டார்கள்" என்று இவன் கூறியிருக்கிறான். "அவர்கள் ஒப்புவதற்கு முதலில் அவர்கள் இருக்க வேண்டும்" என்பது மறுமொழி. எண்ணிப் பார்க்கப் பத்து நிமிடம் இருந்தது.

"அம்மா, நீங்கள் கண்விழித்து என்னைத் திட்டினால் போதும் என்று நினைத்தேன்" என்றான். ஐம்பது அகவை நெருங்கிய மகன், பள்ளிச் சிறுவனைப் போல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். யாம் ஒன்பது நாள் சுமந்ததாக எண்ணிய சுமையை அவன் அம்மூன்றரை மணி முதற்கொண்டு சுமந்திருக்கின்றான்.

எளிய விடைகள் இரண்டு

அதன்பின் வினாவை ஒழுங்காக ஆராயத் தொடங்கினோம். ஆறுதல் கூற வந்தோர் இரண்டு எளிய விடைகளைத் தந்தனர்.

முதல் விடை: "அம்மாடு எப்படியும் இறைச்சிக்காகக் கொல்லப்பட்டது, உங்களுக்காக அன்று." இதனை யாம் ஏற்கவில்லை. கொல்பவன் நானல்லன், வாங்குபவனே என்று புலால் உண்போர் கூறும் வாதமும் இதுவே. வள்ளுவப் பெருந்தகை புலால் மறுத்தல் அதிகாரத்திலேயே இச்சாக்கிற்கு இடமில்லாமல் செய்துவிட்டார். பிறர்க்கு மறுத்த வாதத்தை நமக்கு வேண்டும்போது எடுத்துக்கொள்வது அறமாகாது.

இரண்டாம் விடை: "நீங்கள் நினைவின்றி இருந்தீர்கள்; உங்களுக்குப் பாவம் இல்லை." இதில் ஒரு பகுதி உண்மை. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிர்ப்பறிப்பை மட்டும் கூறாது, அதன் பின்னுள்ள மனத்தின் மயக்கத்தையும் சோர்வையும் சேர்த்தே கூறுகின்றார். எமக்கு அன்று எண்ணமே இல்லை. மகனுக்கு இருந்த எண்ணம் காத்தலேயன்றிக் கொல்லுதலன்று. ஆயினும் நம் அறம் செய்தலோடு நிற்பதில்லை. செய்வித்தலையும் உடன்படுதலையும் எண்ணுகின்றது. அன்று யாம் உடன்படவில்லை. ஆனால் இன்று? காலையில் எழுந்து, மூச்சு தடையின்றி வருவதைக் கண்டு மகிழ்கின்றோமே, அம்மகிழ்ச்சி உடன்பாடு ஆகாதா? எம்மை உறங்கவிடாத முள் இதுவே.

முள்ளின் முனை

இவ்வாறு இருக்கையில் ஒருநாள், மருமகள் பெட்டியிலிருந்து எம் பட்டுப்புடவைகளை எடுத்து வெயிலில் உலர்த்தினாள். ஆறு புடவைகள். பட்டு நூலுக்காகக் கூட்டுப்புழுக்கள் வெந்நீரிலோ ஆவியிலோ மாய்க்கப்படுகின்றன என்பதை ஐந்தாம் வகுப்பிற்குப் பாடமாக நடத்தியவர் யாம். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். அவற்றை உடுத்தித் திருமணங்களுக்குச் சென்றோம், ஜினாலயத்திற்கும் சென்றோம். பணிக்காலம் முழுதும் தோற்பையில் விடைத்தாள்களைச் சுமந்தோம். அப்பையைத் தோளில் மாட்டியபோது எந்த மாட்டையும் நினைத்து அழுததில்லை.

அப்போது ஒன்று விளங்கியது. எம் துயரம் அந்த மாட்டைப் பற்றியதன்று. எம் தூய்மையைப் பற்றியது. "எம்முள் வந்துவிட்டதே" என்று கலங்கினோமேயன்றி, "ஓருயிர் துன்புற்றதே" என்று இரங்கவில்லை. அது கருணையின் உடை உடுத்த மானம். இதனை ஒப்புக்கொள்வது, மார்பெலும்பை அறுத்த வலியினும் கடிதாக இருந்தது.

ஒப்புக்கொண்டபின் வழி சற்றே தெளிந்தது. துறவியர்க்கு மாவிரதம்; இல்லறத்தார்க்கு அணுவிரதம். இல்வாழ்வில் முற்றிலும் இம்சையின்றி இருத்தல் இயலாது என்பதை அறிந்தே நம் முன்னோர் இப்பிரிவை வகுத்தனர். இயந்திர வால்வைத் தேர்ந்திருந்தாலும் கறையற்ற வழி அமைந்திராது. இதய நுரையீரல் இயந்திரத்தில் குருதி உறையாதிருக்கத் தரும் ஹெப்பாரின் என்னும் மருந்து பன்றியின் குடலிலிருந்து பெறப்படுவது. ஆகவே, அணுவிரதியின் வினா "யான் தூயவனா?" என்பதன்று, "எவ்வளவு குறைக்க இயலும்? குறைக்க இயலாததற்கு என்ன செய்வேன்?" என்பதே.

உயிரோடிருப்பதில் மகிழ்தல், கொலைக்கு உடன்படுதல் ஆகாது. அம்மகிழ்ச்சியைக் கடனென்று உணரும் வரை ஆகாது. கடனை மறந்து உரிமையென்று கொள்ளும் நாளில் அது உடன்பாடாகிவிடும். எமக்குக் கிட்டிய விடை இவ்வளவே.

பிராயச்சித்தம் என்பது அகத்தவங்களுள் முதலாவது. பட்டு உடுப்பதை விட்டோம். தோற்பொருளை விட்டோம். ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைத் திங்கள்தோறும், உழைத்து ஓய்ந்த மாடுகளைப் பேணும் ஒரு தொழுவத்தின் வைக்கோலுக்கு அளிக்கின்றோம். இவற்றால் கடன் தீர்ந்ததென்று எண்ணவில்லை. கணக்கு உண்டென்பதை மறவாதிருக்கவே செய்கின்றோம்.

நாள்களை நடத்திய முறை

மனத்தின் வழக்கு இங்ஙனம் நடக்க, உடலையும் நடத்த வேண்டியிருந்தது. நம் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்று சில கூறுகின்றோம். அவரவர் மருத்துவர் கூற்றே முடிவானது.

அறுத்த மார்பெலும்பு கூட ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை நீர்க்குடம் தூக்கலாகாது. கைகளை ஊன்றி எழலாகாது. ஆகவே நிலத்தில் வீழ்ந்து வணங்குவதை விடுத்து, நாற்காலியில் அமர்ந்தே பஞ்ச நமஸ்காரம் ஓதினோம். இருமல் வந்தால் தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அது நல்ல துணை. மூச்சுப் பயிற்சிக்குப் பந்துகள் எழும்பும் குப்பி ஒன்றும் தந்தனர். அத்துடன் காயோற்சர்க்கத்தில் ஒன்பது முறை மந்திரத்தை 27 மூச்சுகளில் எண்ணும் நம் பழைய முறையையும் கைக்கொண்டோம். நுரையீரலும் விரிந்தது, மனமும் அமர்ந்தது.

குருதி உறையாமைக்கான வார்ஃபரின் மாத்திரையை மாலையில் உண்ணச் சொன்னார்கள். இரவுண்ணா நோன்பினர் என்று யாம் கூறவே, நாள்தோறும் ஒரே நேரமாக இருப்பதே முதன்மை என்றார் மருத்துவர். ஐந்தரை மணி என வகுத்துக்கொண்டோம். நம் பகுதியில் எப்பருவத்திலும் அது கதிர் மறைவதற்கு முன்னரே. கூச்சத்தால் கூறாதிருந்தால், நோன்பையோ மருந்தையோ ஒன்றை இழந்திருப்போம். கீரையை அறவே விடத் தேவையில்லை; ஒரு வாரம் மிகுதியும் மறுவாரம் இன்மையுமாக இன்றி ஒரே அளவில் உண்ண வேண்டும். ஐ.என்.ஆர். என்னும் குருதிச் சோதனையைத் தவறாது செய்தல் வேண்டும். காலைதோறும் எடை பார்த்துக் குறித்து, ஓரிரு நாளில் 1 கிலோவுக்கு மேல் ஏறினால் உடலில் நீர் தங்குகிறதா என்று மருத்துவரைக் கேட்டல் வேண்டும். பல் மருத்துவரிடம் செல்லுமுன் செயற்கை வால்வு உள்ளதைக் கூறல் வேண்டும். வாயிலுள்ள கிருமி வால்வைச் சேர்ந்தால் பெருந்தீங்கு.

அட்டமி, சதுர்த்தசி நாள்களில் நீருமின்றி நோற்கும் உபவாசத்தை மருத்துவர் தடுத்தார். வருந்தினோம். பின்னர், தவம் உண்ணாமை ஒன்றே அன்று. குறைத்துண்ணலும், ஒரு சுவையை விடுதலும் தவமே என்பதை நினைந்தோம். அந்நாள்களில் உப்பை விடுகின்றோம். அது இதயத்திற்கும் நலம்.

அன்றாடத்தை வகுப்பறைக் கால அட்டவணை போல் எழுதிச் சுவரில் ஒட்டினோம். முதல் வாரம் கூடத்தில் ஐந்து நிமிட நடை. பிறகு வாசல் வரை. பிறகு தெருமுனை வரை. எளியதிலிருந்து கடினத்திற்குச் செல்க என்பது பயிற்சிப் பள்ளியின் பாலபாடம். ஏழாம் வாரம் அண்டை வீட்டுச் சிறுமி பின்னக் கணக்கோடு மீண்டும் வந்தாள். எம்மைப் படுக்கையிலிருந்து எழுப்பியவற்றுள் அவளுடைய தவறான விடைகளுக்கும் பங்குண்டு.

பணிவிடை செய்வோரையும் நினைத்தல் வேண்டும். வையாவிருத்தியம் என்று நம் நூல்கள் சிறப்பிக்கும் தவத்தை மருமகள் இரண்டு மாதங்கள் செய்தாள்; இரவில் எம் மூச்சொலியைக் கேட்டபடியே கிடந்தாள். "அத்தை, நீங்கள் தூங்கினால்தான் எனக்குத் தூக்கம்" என்றாள். நோயாளி தன் வேதனையைவிட்டுச் சற்றே தலைநிமிர்ந்து, எதிரிலிருப்பவள் உண்டாளா, உறங்கினாளா என்று கேட்பது, ஆர்த்த தியானத்திலிருந்து வெளியேறும் முதற்படி.

இனி வருவது

இப்போது எம் அகவை 74. நெஞ்சிலுள்ள வால்வு ஒருநாள் தேயும். அந்நாள் வருமாயின் மற்றொன்று வேண்டாம் என்று தெளிந்த மனத்துடன் எழுதி, மகனும் மருமகளும் அறிய வைத்துள்ளோம். முதன்முறை வந்தது தெரியாமல் வந்தது. அதனைக் கடனாக ஏற்றோம். தெரிந்தே இரண்டாம் கடன் வாங்கும் அகவை அன்று அது. இது எமக்கு யாம் வகுத்துக்கொண்டது, பிறர்க்கு விதியன்று. சிறு குழந்தைகளின் தாய் ஒருத்திக்கோ வளரும் மாணவனுக்கோ இது நேருமாயின், ஒரு கணமும் தயங்காது சிகிச்சை பெறுக என்றே கூறுவோம். இளையோர்க்குப் பெரும்பாலும் இயந்திர வால்வையே பரிந்துரைப்பர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990-ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதல் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, உலோகச் சட்டமும் நெகிழி வட்டும் கொண்டது. நம் நாட்டிலேயே அத்தகைய வழி உண்டென்பதை அறிந்திருத்தல் நலம்.

வேண்டுவது ஒன்றே. நலமாக இருக்கும்போதே குடும்பத்தார் கூடி அமர்ந்து இவற்றைப் பேசுக. எதனை ஏற்போம், எதனை ஏலோம், எம் நினைவு தவறின் யார் முடிவு செய்வார் என்பதை வெளிப்படையாகச் சொல்லுக. யாம் எழுபதாண்டுகள் கொல்லாமையைப் பேசினோம். இதனை மட்டும் பேசவில்லை. பேசாததன் சுமையை அதிகாலை மூன்றரை மணிக்கு, ஒரு தாளின் மேல் நடுங்கும் கையோடு, எம் மகன் சுமந்தான். அதுவும் ஓர் இன்னா செய்தலே. அதைச் செய்தவர் யாமே. அதனை அவனிடம் சொல்லி, அவன் கையைப் பற்றிக்கொண்டு பொறுத்தருளக் கேட்டோம்.

இப்போது மாலையில் அவன் வாயிலில் நிற்பதில்லை. உள்ளே வந்து அமர்கின்றான். மாத்திரை உண்டபின், கதிர் மறையும் வரை பேசிக்கொண்டிருக்கின்றோம்.

வாழ்க எவ்வுயிரும்.